மைனஸ் நூற்று இருபத்தெட்டுப் பேர் எடுத்த புத்தகம்

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனருக்கு (இரண்டில் ஒன்றாவது இன்னும் மிச்சம் இருக்கும் என்ற நம்பிக்கையில்) உன் அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்க வேண்டிய இடம் இது. ஆனால் ஞாயிறுதோறும் நீ உன் அக்காவோடு தொலைபேசியில் முக்கால் மணி நேரம் பேசுவதை அடுத்த அறையில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆகையால் உன் முழங்கால் வலி, உன் மனைவியின் புதுக் கண்ணாடி, உன் மகள் வேலை மாறியது எல்லாம் எனக்குத் தெரியும். இந்த எட்டு வருடத்தில் அந்த முக்கால் மணி நேரத்துக்குள் "அத்தான் எப்படி இருக்கார்?" என்ற கேள்வி ஒரு தடவைகூட வரவில்லை என்பதும் தெரியும். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ எனக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். "நூலகத்தின் கணினி நிரலில், ஒரு புத்தகம் எத்தனை தடவை வெளியே போனது என்ற எண்ணிக்கைக்கு ஒரே ஒரு பைட் ஒதுக்கியது நான்தான்; அதில் நூற்று இருபத்தேழுக்கு மேல் எண்ண முடியாது; ஆகவே அதைத் தாண்டிப் போன புத்தகங்களின் எண்ணிக்கை தலைகீழாகிவிட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வியாழக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்பு. வெள்ளிக்கிழமை காலை காகித ஆலையின் லாரி நூலகத்துக்கு வருகிறது. உன் கடிதம் வராவிட்டால் நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் கூழாகிவிடும். அவற்றில் உன் அக்கா உயிராக நினைக்கிற புத்தகமும் ஒன்று. எது என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. கலங்கரை விளக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணி தன் கதையை எழுதினாரே, பச்சை அட்டை போட்டு, செங்கல் கனத்தில், அதுதான்.

இனி நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்கிறேன். நூலகத்தின் மாடியை வேறு ஏதோ அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அலமாரியில் பாதிக்கு இடமில்லை. புதிதாக வந்திருக்கும் நூலகர் சின்னப் பெண், வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, நல்ல உழைப்பாளி. எந்தப் புத்தகங்களைக் கழிப்பது என்று தெரியாமல் நம் நிரலையே கேட்டிருக்கிறார். ஆமாம், நம் நிரல்தான், முப்பத்தெட்டு வருடம் கழித்தும் ஒரு புதுக் கணினிப் பெட்டிக்குள் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் "குறைவாக எடுக்கப்பட்டவை" என்று ஒரு பட்டியல் எழுதினோமே, நினைவிருக்கிறதா? இடம் தாராளமாக இருந்ததால் அதை இதுவரை யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை. போன வாரம் முதல்முறையாக ஓட்டியிருக்கிறார்கள். ஐந்து தடவைக்குக் குறைவாக வெளியே போன புத்தகங்கள் எல்லாம், குறைந்தது மேலே வரும்படி, வரிசையாக வந்து விழுந்துவிட்டன. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

இது எதுவும் தெரியாமல் செவ்வாய்க்கிழமை நானும் உன் அக்காவும் அந்தப் பச்சைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். நூலகர் அதை வாங்கித் திரையைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், அலமாரிக்குப் போகும் வண்டியில் வைக்காமல் கீழே இருந்த அட்டைப்பெட்டியில் போட்டார்.

"ஏம்மா, அதை ஏன் பெட்டியில போடறே?" என்றாள் உன் அக்கா.

"இதை யாருமே எடுக்கறதில்லைம்மா. கழிக்கற பட்டியல்ல முதல் பேரே இதுதான்."

"யாருமே எடுக்கலையா? இப்போ உன் கையில குடுத்தது யாரு? நான் என்ன ஆவியா?"

"கோவிச்சுக்காதீங்கம்மா, மெஷின்ல அப்படித்தான் இருக்கு. நீங்களே பாருங்க. இதுவரைக்கும் எடுத்தவங்க மைனஸ் நூத்தி இருபத்தெட்டு பேர்."

உன் அக்கா என் பக்கம் திரும்பினாள். "மைனஸ்னா என்னங்க? படிச்சவங்க எல்லாரும் படிச்சதை மறந்துட்டாங்கன்னு அர்த்தமா?"

மாப்பிள்ளை, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. மைனஸ் நூற்று இருபத்தெட்டு! எத்தனை வருடம் கழித்து அந்த எண்ணைப் பார்க்கிறேன்! கூடப் படித்தவனைச் சந்தையில் பார்த்த மாதிரி இருந்தது. உடனே நாம் இருவரும் உட்கார்ந்து அந்த நிரலை எழுதிய குளிர் அறை கண் முன்னால் வந்துவிட்டது. அந்த அலுவலகத்திலேயே குளிர்சாதனம் உள்ள ஒரே அறை. அதுவும் நமக்காக இல்லை, கணினிக்காக. செருப்பை வெளியே விட வேண்டும், நீ மட்டும் காலுறையில் ஓட்டை என்று செருப்போடு வருவாய். சுவரில் நீ ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிய அட்டவணை: ஒரு பைட் என்றால் மைனஸ் 128 முதல் 127 வரை, இரண்டு பைட் என்றால் மைனஸ் 32,768 முதல் 32,767 வரை, நான்கு பைட் என்றால் மேலும் கீழும் இருநூற்றுப் பதினான்கு கோடியே சொச்சம். மைனஸ் வேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் ஒரு பைட்டில் 255 வரை, இரண்டில் 65,535 வரை. அதை நாம் மனப்பாடம் செய்யவில்லை, அதற்குள் குடியிருந்தோம். காவலாளிக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டால் "ஒரு பைட்ல அடங்கிடும்" என்பாய். மேலதிகாரி பேச ஆரம்பித்தால் "நாலு பைட் போட்டாலும் வழியும்" என்று காகிதத்தில் எழுதி என் பக்கம் தள்ளுவாய். என் மகள் பிறந்த அன்று செவிலி வந்து எடை மூன்று புள்ளி இரண்டு கிலோ என்று சொன்னதும், நீ, "கணினியில புள்ளி எண்ணுக்குன்னு இருக்கற ஃப்ளோட்ல போட்டா மூணு புள்ளி ரெண்டு சரியா உட்காராதுங்க, கடைசியில கொஞ்சம் பிசிறு தட்டும். டபுள்ல போடுங்க, பதினஞ்சு இலக்கம் வரைக்கும் தாங்கும்" என்றாய். அவர் உன்னை வெளியே போகச் சொன்னார். நீ போகிற போக்கில், "முழு எண் மட்டும் தாங்கற இன்ட்ல போட்டுடாதீங்க, இருநூறு கிராம் குழந்தை காணாமப் போயிடும்" என்று கதவிடுக்கில் தலையை நீட்டிச் சொன்னாய். அதற்குப் பிறகு அந்த மருத்துவமனையில் நம் குடும்பத்தையே ஒரு மாதிரிதான் பார்த்தார்கள்.

இன்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தப் பழைய பெட்டியில் இன்ட் என்றால் இரண்டு பைட்; புதுப் பெட்டி வந்ததும் அதே இன்ட் நான்கு பைட் ஆகிவிட்டது. நிரலில் ஒரு எழுத்தும் மாறவில்லை, ஆள் மட்டும் இரட்டிப்பாகிவிட்டான். நாம் இருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உன் அக்கா கேட்டுவிட்டு, "இதுல என்ன அதிசயம்? இவரும் அப்படித்தான். ஆபீஸ்ல இருந்தா நாலு பைட்டு, வீட்டுக்கு வந்தா ரெண்டு பைட்டு" என்றாள். நீ மேஜைமேல் தலையை வைத்துச் சிரித்தாய். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு அந்தச் சிரிப்பைக் கேட்க ஆசையாக இருக்கிறது.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். சிரிப்பு அடங்கியதும்தான் விபரீதம் புரிந்தது. எண்ணிக்கை நூற்று இருபத்தேழில் நின்றிருந்தால் அந்தப் பட்டியலுக்கே வராமல், மிக அதிகம் பேர் விரும்பியதாக அந்தப் புத்தகம் இருந்திருக்கும். போன மாதம் உன் அக்கா மறுபடியும் எடுத்தாள் பார், அது நூற்று இருபத்தெட்டாவது தடவை. உச்சியில் இருந்தது ஒரே அடியில் பாதாளத்துக்குப் போய்விட்டது. மிக அதிகமாக விரும்பப்பட்ட நானூற்றுச் சொச்சம் புத்தகங்களும் இப்படியே மைனஸுக்குப் போயிருக்கின்றன. இருநூற்று ஐம்பத்தாறைத் தொட்ட சில, பூஜ்யமாகிப் புதிதாகப் பிறந்திருக்கின்றன. ஊரே ஓடி ஓடிப் படித்த புத்தகம் எல்லாம் பெட்டியில். யாரும் தொடாமல் ஏழு தடவை மட்டும் வெளியே போன "கழிவுநீர்க் குழாய் இணைப்பு முறைகள், இரண்டாம் பாகம்" பத்திரமாக அலமாரியில். இதை உன் அக்காவிடம் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. "அந்த நூத்தி இருபத்தெட்டுல எழுபது, எண்பது நான் எடுத்ததுதாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை எடுப்பேன். போன மாசம் கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நானே அதுக்கு எமனாயிட்டேனே" என்றாள்.  

மறுநாளே நூலகக் குழுத் தலைவரைப் பார்க்கப் போனேன். அவர் பல் மருத்துவர். நான் போனபோது ஒருவரின் வாய்க்குள் கையை விட்டிருந்தார். ஒரு பைட் என்றால் என்ன என்று அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லலாமே என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன். "டாக்டர், ஒரு வாயில மொத்தமே எட்டுப் பல்லுன்னு வெச்சுக்குங்க. ஒவ்வொரு பல்லும் இருக்கும், இல்லைன்னா இல்லை. ரெண்டே நிலை. எத்தனை விதமான வாய் வரும்? இருநூத்தி ஐம்பத்தாறு. அதுல பாதி வாயை மைனஸுக்குன்னு ஒதுக்கிட்டோம்" என்றேன். அவர் கையை வெளியே எடுத்து, "எட்டுப் பல்லோட எவனும் என்கிட்ட வந்ததில்லை. வந்தா அந்த எட்டையும் எடுத்துட்டு செட் கட்டிடுவேன்" என்றார். நாற்காலியில் இருந்தவர் அவசரமாக வாயை மூடிக்கொண்டார். "மெஷின் பொய் சொல்லாதுங்க. மனுஷன்தான் சொல்லுவான்" என்று டாக்டர் முடித்துவிட்டார். மெஷின் பொய் சொல்லவில்லை, அதற்கு நூற்று இருபத்தேழுக்கு மேல் எண்ணத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சுழலும் ஊசியை ஓடவிட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. எண்ணிக்கையைக் கையால் திருத்த நம் நிரலில் வழி கிடையாது. யாரும் பொய்யாக ஏற்றிவிடக் கூடாது என்று நீயும் நானும் சேர்ந்தே அந்தக் கதவை அடைத்தோம். ஆனால் நேர்வழி ஒன்று இருக்கிறதே! மைனஸ் நூற்று இருபத்தெட்டில் இருக்கும் புத்தகத்தை இன்னும் நூற்று முப்பத்துமூன்று தடவை வெளியே எடுத்தால் ஐந்துக்கு வந்துவிடும், பட்டியலில் இருந்து தப்பிவிடும். எடுத்துத் திருப்பிக் கொடுக்க ஒரு நிமிடம். வியாழக்கிழமை காலை கதவு திறந்ததும் உள்ளே போய், என் அட்டையை நீட்டி, அந்தப் பச்சைப் புத்தகத்தை எடுத்தேன். எடுத்த கையோடு திருப்பிக் கொடுத்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடி கொடுத்தேன். நூலகர் நல்ல பெண், முதல் பத்துத் தடவை ஒன்றும் கேட்கவில்லை, எண்ணிக்கை மைனஸ் நூற்றுப் பதினெட்டு என்று ஏறியதைப் பார்த்ததும் அவருக்கே கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் திருப்பித் தரவேண்டிய தேதி அச்சடித்த சீட்டு ஒன்று வெளியே வரும். அதை நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பை நிரம்பியதும் உன் அக்காவின் கூடையில் போட்டோம். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. பக்கத்துத் தெருத் தபால்காரர், கையில் ஒரே ஒரு சமையல் புத்தகத்தோடு நின்றவர், இருபதாவது தடவையில் பொறுக்காமல், "சார், அதுக்குள்ள படிச்சு முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். "எப்படி இருக்கு?" என்றார். "ஒவ்வொரு தடவையும் புதுசா இருக்கு" என்று உன் அக்கா பதில் சொன்னாள்.

முப்பத்தொன்றாவது தடவை, மைனஸ் தொண்ணூற்றேழில் இருக்கும்போது, சீட்டுச் சுருள் தீர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பல் மருத்துவர் உள்ளே வந்தார். கூடை நிறையச் சீட்டு, கதவுவரை வரிசை, நடுவில் ஒரு புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான். "என்ன நடக்குது இங்கே?" என்றார். தபால்காரர் முந்திக்கொண்டு, "இவர் ஒரே புத்தகத்தைக் காலையிலேர்ந்து முப்பத்தோரு தடவை எடுத்திருக்கார் டாக்டர். நான் எண்ணிக்கிட்டேதான் நிக்கறேன்" என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறக்கவே இல்லை, அடுத்தவர் வாயால் கெட்டேன். நான் விளக்க விளக்க டாக்டரின் முகம், சொத்தைப் பல்லைப் பார்க்கிற முகமாக மாறிக்கொண்டே போனது. கடைசியில் சொன்னார்: "ஐயா, நீங்க மெஷின்ல பொய்யா ஏத்தறதை நான் கண்ணால பார்த்தாச்சு. இனிமே உங்க வார்த்தையை எப்படி நம்பறது? அந்த ஒரு பைட்டை ஒதுக்கினது யாரோ, அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். நான் லாரியை நிறுத்தறேன்."

"அது என் மச்சினன்தான் டாக்டர்" என்றேன்.

"அப்போ அவர்கிட்ட வாங்கிட்டு வாங்க."

"அவன் என்கிட்ட பேசி எட்டு வருஷம் ஆச்சு."

"பேச வேண்டாம், எழுதட்டும்" என்றார் டாக்டர். பல்லைப் பிடுங்குகிற மாதிரியே பேச்சையும் சுருக்கமாக முடிக்கிறார்.

ஆகவேதான் இந்தக் கடிதம். உன் அக்காவைத் தொலைபேசியில் சொல்லச் சொன்னேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வயர் மாதிரி இருந்தது போதும். வேணும்னா நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை, உன்மேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதே. பழிதான், ஆனால் நல்ல காரியத்துக்கு. யோசித்துப் பார். ஒரு புத்தகத்துக்கு மொத்தம் அறுபத்து நான்கு பைட் என்று வைத்தோம், எட்டுப் புத்தகத்தின் விவரம் வட்டில் 512 பைட் கொண்ட ஒரு தொகுதிக்குள் கச்சிதமாக உட்காரும் என்பதற்காக. பெயருக்கு முப்பத்தொன்று, எழுதியவருக்கு இருபது, புத்தக எண்ணுக்கு இரண்டு, அலமாரிக்கு மூன்று, இப்படியே பங்கிட்டுக்கொண்டு வந்து கடைசியில் எண்ணிக்கைக்கு ஒன்றே ஒன்று. தகராறே இல்லாமல் நாலு பேருக்குச் சோறு பிரிக்கிற மாதிரி நான் பிரித்துத் தந்தேன். அந்தக் கடைசி வரியை எழுதியது நீ. புத்தக எண்ணுக்கு மைனஸ் வேண்டாம் என்று ஒரு சொல் சேர்த்துப் போட்டாயே, அதையே எண்ணிக்கைக்கும் போட்டிருந்தால் 255 வரை தாங்கியிருக்கும். அதற்குக்கூடச் சோம்பலா? "நம்ம ஜனங்க எந்தப் புத்தகத்தை நூத்தி இருபத்தேழு தடவை எடுக்கப் போறாங்க?" என்று யாரோ சொன்னது என் காதில் இன்னும் ஒலிக்கிறது. அது உன் குரல்தான் என்று அடித்துச் சொல்வேன்.

என் ஓய்வுநாள் கூட்டத்தில் நான் சொன்னதும் அதைத்தான். "முப்பது வருஷத்துல ஒரு தப்புகூட பண்ணலையா சார்?" என்று யாரோ கேட்டார்கள். கையில் மைக் இருந்தது. "நான் பண்ணலை, என் மச்சினன் பண்ணினான். ஒரு புத்தகத்தை நூத்தி இருபத்தேழு தடவைக்கு மேல யாரும் எடுக்க மாட்டாங்கன்னு ஒரே பைட்டோட நிறுத்திட்டான். ஜனங்க மேல அவ்வளவு நம்பிக்கை!" என்றேன். கூடமே சிரித்தது. உன் புது மேலதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தட்டிச் சிரித்தார். நீ தேநீர்க் கோப்பையை நாற்காலிமேல் வைத்துவிட்டு எழுந்து போனாய். அன்றைக்குப் போனவன்தான். ஒரு தமாஷுக்கு எட்டு வருடமா? உண்மையைத் தமாஷாகச் சொன்னால் அவ்வளவு சுடுமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வினாடிகளை நான்கு பைட்டில் எண்ணுகிற பழைய கடிகாரங்கள் எல்லாம் 2038ஆம் வருடம் நிரம்பி வழிந்து, 1901க்குப் போய்விடும் என்று நீ ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினாய். "அத்தான், அன்னைக்கு ரெண்டு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து எந்தெந்தக் கடிகாரம் குப்புற விழுதுன்னு பார்ப்போம்" என்றாய். அப்போது எனக்கு எழுபத்தெட்டு நடக்கும், உனக்கு எழுபத்தைந்து. நான் அந்தத் தேதியை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். தனியாக உட்கார்ந்து பார்க்க எனக்கு இஷ்டமில்லை. உன்னைப்போல அதைப் புரிந்துகொண்டு சிரிக்கிற ஆள் எனக்கு வேறு யாரும் இல்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. புதுக் கண்ணாடி கண்ணுக்குப் பழகும் வரை மாடிப்படியில் கவனமாக இறங்கச் சொல். உன் மகளுக்குப் புது வேலை நிலைக்கட்டும், நீடு வாழட்டும். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, உன் அக்கா சொல்வதுபோல் எண்ணெயைத் தேய்த்து ஊறவிடாதே. குற்றத்தை ஒப்புக்கொள்கிறவனுக்கு ஆண்டவன் துணை இருப்பார். கடிதத்தை மறவாமல் வியாழனுக்குள் அனுப்பு.

இப்படிக்கு,
உன்மேல் எந்த வருத்தமும் இல்லாத,
அத்தான்

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போன நேரத்தில், நீ மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு சந்தேகம் வந்தது. உன் கையெழுத்தையே நகல் எடுத்துக் கூட வைத்துவிட்டால் வாயடைத்துப் போவாய் என்று, நேற்று மாலை பரணில் ஏறி, நிரலின் அந்தப் பழைய அச்சுப் பிரதியைத் தேடி எடுத்தேன். இரண்டு ஓரமும் துளை போட்ட மடிப்புக் காகிதம், எலி ஒரு மூலையை மட்டும் படித்திருக்கிறது. அறுபத்து நான்கு பைட்டைப் பங்கிட்ட பக்கம் முழுசாக இருந்தது. எண்ணிக்கைக்கு எதிரே பென்சிலில் உன் கையெழுத்து: "ஒரு பைட் போதாது. பெயரை 31லிருந்து 30 ஆக்கி, அந்த ஒன்றை இங்கே கொடுக்கலாம். அல்லது மைனஸ் வேண்டாம் என்றாவது போடலாம்." அதற்குக் கீழே சிவப்பு மையில் பெரிதாக என் கையெழுத்து: "முடியாது. பெயர் 31. எண்ணிக்கை 1. எந்தப் புத்தகமும் 127 தடவை போகாது. இனிப் பேச்சில்லை." தேதி, கையொப்பம், இரண்டு கோடு எல்லாம் என்னுடையது.

பரண் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அப்போது உன் அக்கா எனக்கு மனைவி இல்லை. நூலகத்தில் இருந்து புத்தக விவர அட்டைகள் அடுக்கிய பெட்டிகளோடு வந்து, நம் குளிர் அறையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஒவ்வொரு புத்தகத்தின் பெயரையும் படித்துச் சொல்கிற உன் அக்கா, அவ்வளவுதான். அந்தப் பச்சைப் புத்தகத்தின் அட்டை வந்தபோது மட்டும் அவள் நிறுத்தி, சிரித்துவிட்டுப் படித்தாள். நான் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு எழுத்து. நீ சொன்னபடி முப்பது ஆக்கினால் அதன் கடைசி எழுத்து வெட்டுப்பட்டுவிடும். மற்ற எத்தனையோ புத்தகங்களின் வாலை ஈவிரக்கமில்லாமல் நறுக்கியவன், அந்த ஒரு எழுத்துக்காக உன்னோடு மூன்று நாள் சண்டை போட்டேன். அந்தப் புத்தகத்தின் ஒரு எழுத்தைக் காப்பாற்றப் போய், இன்றைக்குப் புத்தகத்தையே லாரியில் ஏற்றப் பார்த்திருக்கிறேன். எதற்காகப் பிடிவாதம் பிடித்தேன் என்று நீ கேட்கவே இல்லை. உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. ஓய்வுநாள் கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கி ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும். நீ எழுந்து போனாய்.

உன் அக்காவிடம் காட்டினேன். அந்தச் சிவப்பு மையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "எனக்கு அந்தப் பேர் தலைகீழாத் தெரியும்ங்க. திரையில கடைசி எழுத்து இருந்ததா இல்லையான்னு நான் ஒருநாளும் பார்த்ததில்லையே" என்றாள். அதைச் சொல்லும்போது அழுதாள், சிரிக்கவும் செய்தாள்.

இன்று பத்து மணிக்குப் பல் மருத்துவரிடம் அந்தக் காகிதத்தைக் கொண்டு போகிறேன். ஒதுக்கியவரே எழுதித் தரட்டும் என்றுதானே சொன்னார், எழுதித் தருகிறேன். ஆகவே உன் கடிதம் தேவையில்லை. மேலே எழுதியதை எல்லாம் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன், உன் அக்கா விடவில்லை. "அப்படியே அனுப்புங்க. மன்னிப்பை மட்டும் தனியா, சலவை பண்ணி அனுப்பினா எதுக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அனுப்புகிறேன். உன் பழைய அலுவலகத்தில் மிச்சம் இருக்கிற ஆட்கள் எல்லோருக்கும் இதையே பிரதி எடுத்து அனுப்பப்போகிறேன், உன் மேலதிகாரியாக இருந்தவருக்கும். தப்பு என்னுடையது, மாப்பிள்ளை. மன்னித்துவிடு. இது கைக்குக் கிடைத்த அன்றைக்கே புறப்பட்டு வா.